ஸ்கிரீனிங்கைக் கருவியிடம் கொடுத்துப் பார்த்தோம்: உங்கள் அனுபவம் என்ன?

ரிவியூ குழுவில் இருப்பவர்:
சிஸ்டமேட்டிக் ரிவியூ (ஒரு மருத்துவக் கேள்வி பற்றி வெளியான ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுப்பது) செய்தவர்களுக்குத் தெரியும், ஆளைக் களைக்க வைக்கும் கட்டம் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துக் கழிக்கும் ஸ்கிரீனிங்தான். பப்மெட், எம்பேஸ் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்கள் இரண்டிலும் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். கடைசியில் தேறுபவை கொஞ்சம்தான். திட்டத்தைப் பதிவு செய்ததிலிருந்து வெளியாகும்வரை ஒரு ரிவியூவுக்குச் சராசரியாக 67 வாரங்கள் ஆவதாக 2017-இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. மருத்துவர் அதுவரை பழைய சான்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

நாங்கள் ஏஎஸ்ரிவியூ எடுத்தோம். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள். நாம் வேண்டும், வேண்டாம் என்று குறிக்கக் குறிக்க அது கற்றுக்கொண்டு, பொருந்தக்கூடியவற்றை மேலே கொண்டுவரும். முக்கியமான கட்டுரைகள் சீக்கிரமே கைக்கு வந்ததால், முழுக் கட்டுரை திரட்டும் வேலையை அப்போதே தொடங்க முடிந்தது.

சரி, எங்கே நிறுத்துவது? வேண்டாதவையே தொடர்ந்து வந்தால் போதும் என்று தோன்றிவிடும். வரிசையின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். சுருக்கமே இல்லாத பழைய பதிவுகள் நிறையக் கிடந்தன. வெறும் தலைப்பை வைத்து மென்பொருளால் என்ன செய்ய முடியும்? இப்போது அவற்றை முதலிலேயே தனியாகப் பிரித்து நாங்களே படிக்கிறோம். நிறுத்தும் விதியை புரோட்டோகாலிலேயே, அதாவது தொடங்கும் முன் எழுதும் திட்டத்திலேயே, எழுதிவிடுங்கள். களைத்துப்போன பிறகு அதை முடிவு செய்யக் கூடாது.

மருத்துவ நூலகர்:
எனக்குப் பெரிய நிம்மதி டூப்ளிகேட் நீக்கத்தில்தான். ஒரே கட்டுரை ஓரிடத்தில் இதழின் முழுப் பெயரோடும் இன்னோரிடத்தில் சுருக்கப் பெயரோடும் இருக்கும்; கருவி நொடியில் கண்டுபிடித்துவிடும். ஆனால் மாநாட்டுச் சுருக்கமும், அதே தலைப்பில் பின்னால் வந்த முழுக் கட்டுரையும் ஒன்றுதான் என்று நினைத்து ஒன்றைத் தூக்கிவிடவும் கூடும். அந்த ஜோடிகளை மட்டும் நானே பார்க்கிறேன். அப்புறம், ரிவியூவை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும் பிரிஸ்மா 2020 வழிகாட்டியின் வரைபடத்தில் தானியங்கிக் கருவி ஒதுக்கிய பதிவுகளுக்கென்றே தனி வரி இருக்கிறது. தயவுசெய்து அதை நிரப்புங்கள்.

புள்ளியியல் பார்ப்பவர்:
கட்டுரையிலிருந்து எண்களை எடுக்கும் வேலையில் நான் இவ்வளவு தாராளமாக இருக்க மாட்டேன். நாங்கள் சோதித்த ஒரு மொழி மாடல், திட்டப் பிழையை (சராசரி எவ்வளவு துல்லியம் என்று காட்டுவது) எடுத்துத் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டுவது) என்ற இடத்தில் போட்டது. ஒவ்வொரு பிரிவிலும் 100 பேர் இருந்தால் முன்னது பின்னதில் பத்தில் ஒரு பங்குதான். அப்படியே பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸில் போனால், அந்த ஒரு ஆய்வின் எடை நூறு மடங்கு வரை ஏறி முடிவையே தன் பக்கம் இழுத்துவிடும். எண்ணோடு எந்த அட்டவணை, எந்த வரி என்பதையும் காட்டும் கருவியை மட்டும் வைத்திருக்கிறோம். எடுத்த ஒவ்வொரு எண்ணையும் ஒருவர் மூலக் கட்டுரையோடு ஒப்பிடுகிறார். ஸ்கிரீனிங் அளவுக்கு இதில் நேரம் மிச்சமாவதில்லை.