நம்ம தெரு குப்பைப் பிரிப்புக் குழு

கொட்டகை அக்கா: எல்லாரும் கொஞ்சம் பாருங்க. நேத்து மறுசுழற்சிக்கு அனுப்புன பேப்பர் மூட்டை மூணும் திரும்பி வந்துடுச்சு.

கடைசிவீட்டுச் சித்தி: அச்சச்சோ, மூணுமேவா? ஏன்டி?

கொட்டகை அக்கா: யாரோ மிச்சச் சாப்பாட்டைக் கவரோட பேப்பர் சாக்குல போட்டிருக்காங்க. கவர் கிழிஞ்சு எண்ணெய் இறங்கி, கீழ அடுக்குன ரெண்டு மூட்டையும் ஊறிப்போச்சு. தொட்டா அட்டை பொதபொதன்னு கையோட வருது. யாருன்னு கேக்கல சித்தி. ரெண்டு வாரம் குனிஞ்சு பிரிச்சது, மனசு ஆறல.

டிராக்டர் தம்பி: நான் தார்ப்பாய் போடாததாலயோன்னு பயந்துட்டேன்க்கா.

வாத்தியார்: உன் மேல தப்பில்லப்பா. மழையில நனைஞ்சதையாவது காயவச்சுக்கலாம். எண்ணெய் ஏறுன பேப்பரைக் கூழாக்குனா எண்ணெய் பிரியாது, புதுப் பேப்பர்ல திட்டுத் திட்டா நிக்கும். அதான் வேணாங்கறாங்க.

மாடிவீட்டு மாமா: உள்பக்கம் வெள்ளியா மின்னுற கவர் எதுல போடணும்? நான் கொளுத்திட்டு இருக்கேன்.

வாத்தியார்: கொளுத்தாதீங்கண்ணே. அதுல பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டியிருக்கு, சுலபமாப் பிரிக்க முடியாது. தனிச் சாக்குல போடுங்க. குப்பையில பிவிசி, அதான் குழாய் செய்யுற பிளாஸ்டிக், கலந்து எரிஞ்சா டயாக்சின்கிற விஷம் வரும். அது புல்லுல படிஞ்சு, மாடு மேஞ்சு, பால்ல நம்மகிட்டயே திரும்பி வரும்.

மாடிவீட்டு மாமா: இது தெரியாமப் போச்சே. இன்னையோட விட்டேன்.

கடைசிவீட்டுச் சித்தி: அஞ்சு சாக்கு வைக்கவே வீட்டுல இடமில்ல.

வாத்தியார்: ஜப்பான்ல காமிகாட்சுன்னு ஒரு மலையூர். 2003ல குப்பையே இல்லாத ஊராக்குவோம்னு அறிவிச்சாங்க. குப்பை வண்டி வராது. அவங்களே கழுவிக் காயவச்சு எடுத்துட்டுப் போய் நாப்பதுக்கும் மேல வகையாப் பிரிக்கிறாங்க.

கடைசிவீட்டுச் சித்தி: நாப்பதுக்கும் மேலயா! சரி, நம்ம எருக்குழி ஏன் இப்படி நாறுது?

கொட்டகை அக்கா: சருகு பத்தல சித்தி. ஒரு கூடை ஈரக்கழிவுக்கு ரெண்டு கூடை சருகு போட்டுக் கிளறணும், உள்ள காத்துப் போகணும். நல்லா வேகுற குழில நேத்து கம்பியைச் சொருகி எடுத்தேன், கையில பிடிக்க முடியல. அந்தச் சூட்டுல களை விதைகூட செத்துடும்.

கொட்டகை அக்கா: இன்னொண்ணு. உடைஞ்ச கண்ணாடியைப் பேப்பர்ல சுத்தி, மேல எழுதிக் குடுங்க. போன வாரம் கையுறையைத் தாண்டிக் குத்திடுச்சு.

கடைசிவீட்டுச் சித்தி: சொல்லவே இல்லையேடி! ஊசி போட்டியா?

கொட்டகை அக்கா: போட்டுட்டேன் சித்தி.

டிராக்டர் தம்பி: அக்கா, காலைல ஆறரைக்கு வர்றேன். ஊறுன அட்டையை என்ன பண்றது?

வாத்தியார்: பளபளப்புப் பூச்சு இல்லாததைத் துண்டு துண்டாக் கிழிச்சு எருக்குழில போடு. சருகு மாதிரியே ஈரத்தை இழுத்துக்கும்.

கடைசிவீட்டுச் சித்தி: கிழிக்க நானும் வர்றேன்.