புதுப்பிப்பு: வாஃபிளில் பீட்ரூட் நிறம் நின்றது

தீபாவளிக் காலைக்கு வண்ண வாஃபிள் சுட வேண்டும், பீட்ரூட் சாறு விட்ட மாவு வெந்ததும் பழுப்பாகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, சோடா உப்பைக் குறைத்துப் புளித்த தயிர் சேர்க்கச் சொன்ன யோசனை. புளிப்பு இருந்தால் அந்த நிறம் தாங்குகிறது; சோடா கூடினால் மங்குகிறது. 2 கப் மைதாவுக்கு அரை கப் தயிர், ஒரு மூடி எலுமிச்சை, நடுத்தரச் சூடு. மேலே கொஞ்சம் முறுகினாலும் பிட்டால் உள்ளே நல்ல ரோஸ்.

எதிர்பாராதது, நீல நிறத்துக்குச் சேர்த்த சங்குப்பூதான். தயிர் பட்டதும் நீலம் ஊதாவாகிவிட்டது. நீலமே வேண்டுமென்றால் தயிருக்கும் எலுமிச்சைக்கும் பதில் பால் ஊற்றுங்கள். அப்புறம், மஞ்சள்தூளுக்கும் சோடா ஆகாது, சிவந்துவிடும்.

பாளையங்கோட்டை ஆச்சி தேனை ஒதுக்கிவிட்டு உடன்குடி கருப்பட்டிப் பாகை ஊற்றிவிட்டாள். நிறமெல்லாம் மறைந்தது, ருசி என்னவோ அதில்தான்.