குடியை நிறுத்தினவருக்கு 0.0 பியர் வைக்கலாமா?

மஸ்கெலியா மழை:
தீபாவளிக்கு இருபது பேருக்கு ஏற்பாடு. அதில ஒருத்தர் குடியை நிறுத்தி ஏழு மாசம். திரும்பக் குடிக்காமல் இருக்கக் கொடுக்கிற டைசல்பிராம் மாத்திரை இன்னும் எடுக்கிறார். கடையில ஒரு டின்ல 0.0 என்று இருக்கு, இன்னொன்றில 'அல்கஹோல் ஃப்ரீ' என்று மட்டும். ரெண்டும் ஒன்றுதானா? இல்லாட்டி வீட்டிலயே ஈஸ்ட் போட்டு இஞ்சி பியர் செய்யலாமா?

லேபல் பார்ப்பவன்:
ஒன்றில்லை. முன்பக்கத்தை விடுங்க, டின்னைத் திருப்பிச் சின்ன எழுத்தில் உள்ள வீதத்தைப் பாருங்க. ஜெர்மன் பியரில் 'அல்கஹோல் ஃப்ரீ' என்பது 0.5 வீதம் வரைக்கும் செல்லும். பிரித்தானிய வழிகாட்டலில் அதே சொல்லுக்கு எல்லை 0.05. சொல் ஒன்று, வித்தியாசம் பத்து மடங்கு.

0.5 வீதப் பியரால் யாருக்கும் வெறி ஏறாது. ஆனால் டைசல்பிராம் எடுப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது. மதுசாரம் உடலில் முதலில் அசெட்டல்டிஹைடாக மாறும். அதை அடுத்த படிக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. சிறிதளவு போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. ஆகவே 0.5 வேண்டவே வேண்டாம். 0.0 என்றாலும் மருந்து தந்த டொக்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்க.

கித்துள்பாணி:
இஞ்சி பியர் விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 10 கிராம் சீனியை ஈஸ்ட் முழுசாகத் தின்றால் சுமார் 5 கிராம் மதுசாரம். ஒரு லீற்றரில் அது 0.6 வீதம். மூடின போத்தலில் நல்லா நுரைக்கிற அளவுக்கு வாயு வரவே லீற்றருக்கு 12 கிராம் போல சீனியை ஈஸ்ட் தின்றாகணும். அதாவது நுரை வந்த நேரமே 0.5ஐத் தாண்டியாச்சு. நாம போடுறதோ லீற்றருக்கு 100 கிராமுக்கு மேல, மிச்சச் சீனியிலும் ஈஸ்ட் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். நுவரெலியாக் குளிரில் அது மெதுவாகும், நிற்காது. 'இன்னும் புளிக்கலையே' என்று கூட ரெண்டு நாள் வைத்துவிட்டுக் கீழே வெக்கையான ஊருக்குக் கொண்டுபோனால் போத்தலே வெடிக்கும்.

ஈஸ்டை விட்டுவிடுங்க. 100 கிராம் இஞ்சியைத் தோலோடு நசுக்கி, அரை லீற்றர் தண்ணீரில் 200 கிராம் கித்துள் கருப்பட்டியும் பத்து மிளகும் சேர்த்து இருபது நிமிஷம் சிறுதீயில் வைத்து வடிகட்டுங்க. ஆறின பிறகு ரெண்டு தேசிக்காய் பிழியணும், சூட்டில் பிழிந்தால் வாசம் போய்விடும். ஒரு பங்கு பாகுக்கு நாலு பங்கு சோடா.

மஸ்கெலியா மழை:
நன்றி. ஆனா அவர் இனிப்பு வேணாங்கிறார். கசப்பா, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி ஏதாவது?

கொழுந்துக்கூடை:
அதுக்குத் தேயிலையை விட்டா என்ன இருக்கு! பியர்ல நாக்கு தேடுறது கசப்பும் வறட்சியும்தான். பால் விடாத பிளேன்டில ரெண்டும் இருக்கு. ஆனா சூடா சாயம் இறக்கி ஆறவைச்சா கலங்கிப்போகும், குளிர்ல தேயிலைச் சத்தும் கஃபீனும் ஒன்று சேர்ந்து படியிறதால. சூடில்லாத தண்ணியில ஊறவைங்க. கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லீற்றர், பீ.ஓ.பீ. என்கிற கொஞ்சம் பெரிய துகள் தேயிலைத் தூள் 8 கிராம், ஃபிரிஜ்ல எட்டு மணித்தியாலம், பிறகு துணியில வடி. டஸ்ட் என்கிற மாவு போன்ற தூளைப் போடாதீங்க, அடியில சேறு மாதிரி நிற்கும். கிளாசுக்கு 150 மில்லிலீற்றர் தேத்தண்ணி, 100 சோடா, அரைத் தேசிக்காய், ஒரு சிட்டிகை உப்பு. சீனி ஒரு துளியும் வேணாம்.

லேபல் பார்ப்பவன்:
கொழுந்துக்கூடை சொன்னதற்கே என் ஓட்டு. 0.0 என்றாலும் பியரின் மணமும் டின்னைத் திறக்கிற சத்தமும் பழைய ஆசையைக் கிளப்பலாம். ஏழு மாசத்தில் பியரின் நகலை நாமாகக் கையில் கொடுக்கத் தேவையில்லை, அவரே கேட்டால் வேறு கதை.

பியரை விட, பியர் என்று பெயர் இல்லாதவைதான் ஏமாற்றும். ஷாண்டி என்பது பியரும் லெமனேடும் கலந்தது. கூல் பானம் மாதிரித் தெரிந்தாலும் மதுசாரம் உண்டு. மொக்டெயிலில் நாலு சொட்டு விடுகிற அங்கோஸ்துரா பிட்டர்ஸ் 44.7 வீதம். வயிற்றுக்கு நல்லது என்று பாட்டி எடுத்துத் தருகிற அரிஷ்டம் புளிக்கவைத்தே செய்யும் மருந்து. இனிப்பான கித்துள் பதநீரும் முட்டியிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். இருமல் மருந்தின் லேபலையும் பாருங்க.

மற்றவங்களுக்கு இனிப்புச் சோடா வாங்கும்போது, இலங்கைப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டுகிற நிறக் குறியைப் பாருங்க. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2க்குக் கீழே பச்சை. குடியை விட்டவர்களுக்கு இனிப்பில் நாட்டம் கூடுவது வழக்கம், அதனால் சிவப்புப் போத்தலை அவர் பக்கம் வைக்காதீங்க.

மஸ்கெலியா மழை:
இருபது பேருக்கு எவ்வளவு ஊறவைக்கணும்?

கொழுந்துக்கூடை:
ஆளுக்கு ஒரு கிளாஸ் என்றா மூன்று லீற்றர், தூள் 24 கிராம். சோடா ரெண்டு லீற்றர், தேசிக்காய் பத்து. எல்லாருக்கும் அதையே ஊத்துங்க, அவர் கிளாஸ் மட்டும் தனியாத் தெரியக்கூடாது. சோடாவை முதலே கலக்காதீங்க, ஆள் வந்து உட்கார்ந்த பிறகு ஊத்தினாத்தான் நுரை நிற்கும்.