ஏபிஎஸ் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, அவசரம்

சங்ககிரி லோடு: வணக்கம். லாரியில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது வீல் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஃப்யூஸ் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. வியாழக்கிழமை எஃப்சி (தகுதிச் சான்று) சோதனை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ரிப்பேர் சட்டை: எந்த வருட வண்டி? சாவி போட்டதுமே எரிகிறதா, ஓடும்போதா?

டீசல் வாசம்: பேட்டரிதான். வோல்ட் இறங்கினால் கண்ட்ரோல் யூனிட் குழம்பிவிடும். டெர்மினலைச் சுரண்டி வாசலின் தடவுங்கள். எனக்கு அதோடு போய்விட்டது.

பழைய ஃபோர்மேன்: "விளக்கு எரிகிறது" என்றால் நாங்கள் ஜோசியம் பார்க்க வேண்டுமா? முப்பது வருடமாகப் பார்க்கிறேன், கேள்வி கேட்கத் தெரியாதவன்தான் பட்டறையில் பணத்தைக் கொட்டுகிறான்.

சங்ககிரி லோடு: மன்னிக்கவும் ஐயா. 2016 மாடல், பத்து வீல். சாவி போட்டால் எரிகிறது, வண்டி நகர்ந்ததும் அணைகிறது, வேகம் 20 கி.மீ. தாண்டினால் மறுபடி எரிகிறது. பிரேக் நன்றாகவே பிடிக்கிறது.

பத்து வீல்: பல்பைப் பிடுங்கிவிட்டுப் போங்கள் தம்பி. எங்கப்பா ஏபிஎஸ் இல்லாமலே இருபது வருடம் தொப்பூர் இறக்கம் இறங்கினார்.

ரிப்பேர் சட்டை: சாவி போட்டதும் விளக்கு எரியவில்லை என்றால் பிரேக் இன்ஸ்பெக்டருக்கு உடனே சந்தேகம் வரும். தொப்பூரில் மழை நேரத்தில் பின் வீல் லாக் ஆகி வண்டி குறுக்கே திரும்பினால் அப்பாவின் அனுபவம் என்ன செய்யும்?

பத்து வீல்: ஜல்லி ரோட்டில் ஏபிஎஸ் வண்டி நிற்கவே நிற்காது. ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

ரிப்பேர் சட்டை: ஜல்லியில் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். லாக் ஆன டயர் முன்னால் ஜல்லி குவிந்து அதுவே முட்டுக்கொடுக்கும். ஆனால் முன் டயர் லாக் ஆனால் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது அண்ணே.

பத்து வீல்: ஓட்டுபவன் கையில் இருக்கிறது எல்லாம்.

டீசல் வாசம்: பேட்டரி பார்த்தாரா இல்லையா?

சங்ககிரி லோடு: பார்த்தேன், ஓடும்போது 27.8 வோல்ட் காட்டுகிறது, அது சரியாக இருக்கிறது. அப்புறம் ஒன்று, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. போன வாரம் பின்னால் இடது ஹப் (வீலின் நடுப்பகுதி) கழற்றி கிரீஸ் வைத்து ஆயில் சீல் மாற்றினோம்.

பழைய ஃபோர்மேன்: சம்பந்தம் உண்டா தெரியவில்லையாம்! முதல் வரியிலேயே எழுத வேண்டியது.

ரிப்பேர் சட்டை: அங்கேதான் இருக்கிறது. ஹப்பின் உள்பக்கம் பல் வைத்த வளையம் இருக்கும், வீல் வேகத்தை அறியும் சென்சார் அதை ஒட்டி நிற்க வேண்டும். சென்சாரைப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங் புஷ் மட்டுமே. ஹப் ஏறும்போது சென்சாரைப் பின்னால் தள்ளிவிடும். அப்புறம் 20 வேகத்திலேயே சிக்னல் போதாமல் விளக்கு வந்துவிடும்.
உறுதி செய்துகொள்ள: மற்ற வீல்களுக்குக் கட்டை கொடுங்கள். காற்று ஏற்றி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், இல்லாவிட்டால் பின் வீல் சுற்றாது. ஜாக்கி மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். சென்சார் வயரின் கப்ளரைப் பிரித்து மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு நொடிக்கு ஒரு சுற்று கையால் சுற்றுங்கள். 0.2 வோல்ட்டாவது வர வேண்டும். சென்சாரின் ஓம்ஸ் (மின்தடை) பார்த்தால் சரியாகத்தான் காட்டும், அதை வைத்து ஏமாறாதீர்கள்.

டீசல் வாசம்: கண்ட்ரோல் யூனிட் எர்த்தும் ஒரு தடவை பாருங்கள்.

சங்ககிரி லோடு: வலது பக்கம் 0.4, இடது 0.06! டஸ்ட் கவர் கழற்றிக் கட்டை விரலால் அழுத்தினேன், வளையத்தில் முட்டும்வரை உள்ளே போனது. மறுபடி சுற்றினால் 0.38. பவானி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், 40-லும் விளக்கு வரவில்லை. லோடு ஏற்றப் போகிறேன், நன்றி.

ரிப்பேர் சட்டை: பேரிங் பிளே பார்த்தீர்களா? வீல் ஆடினால் ஒரு வாரத்தில் சென்சார் மறுபடி பின்னால் போய்விடும்.

ரிப்பேர் சட்டை: தம்பி?

டீசல் வாசம்: டெர்மினலும் சுரண்டியிருப்பார், சொல்லவில்லை.