டிஎன்ஏ ஓரிகாமித் துண்டுகள் 2×2 சதுரமாக இணையாமல் திரண்டுபோகின்றன – உதவி தேவை

தறிநூல்:
வணக்கம். ஒரு நீண்ட டிஎன்ஏ இழையைக் குட்டி இழைகளால் (ஸ்டேப்பிள்களால்) மடித்துச் செய்த நான்கு ஓரிகாமிச் செவ்வகங்களை, ஒன்றோடொன்று பொருந்தும் ஒற்றை இழை நுனிகளான ஒட்டுமுனைகளால் இணைத்து ஒரே சதுரமாக்க முயல்கிறேன். தனித்தனியாக ஜெல்லில் (மூலக்கூறுகளை மின்சாரத்தால் நகர்த்தி அளவுப்படி பிரிக்கும் கூழ்) ஓட்டினால் நல்ல பட்டை வருகிறது. நான்கையும் கலந்துவிட்டால் ஜெல்லில் ஊற்றிய குழியை விட்டு எதுவும் நகர்வதில்லை. இழைகளின் எழுத்து வரிசைகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். விரைவில் யாராவது வழிகாட்டுங்கள்.

மைக்காத்தகடு:
கரைசலில் மக்னீசியம் உப்பு எவ்வளவு? ஸ்டேப்பிள் இழைகள் எத்தனை மடங்கு மிகுதி? கலப்பதற்கு முன் அந்த மிகுதியை நீக்கினீர்களா? வெளி விளிம்புகளில் என்ன வைத்திருக்கிறீர்கள்? இவை தெரியாமல் எதுவும் சொல்வதற்கில்லை.

உப்புக்கணக்கு:
எனக்கு விவரமே தேவையில்லை. குழியில் தேங்கினால் அது மக்னீசியத்தின் வேலைதான். இணைக்கும் கட்டத்தில் அதைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள்.

பழையமடிப்பு:
அடிப்படையைப் படிக்காமல் வருபவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது? 7,249 நியூக்ளியோடைடு (டிஎன்ஏ எழுத்து) கொண்ட எம்13எம்பி18 என்ற வைரஸ் டிஎன்ஏ இழையை இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்டேப்பிள்களால் ரோத்மண்ட் மடித்துக் காட்டிய 2006ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, செவ்வகங்கள் விளிம்போடு விளிம்பாகத் தாமே ஒட்டிக்கொள்ளும் தொல்லை பேசப்பட்டிருக்கிறது. டிஎன்ஏ சுருள்கள் நீட்டிய ஒற்றை இழை இல்லாமல் மொட்டையாக முடியும் விளிம்பு எதுவானாலும், வரிசை பொருந்தாவிட்டாலும், இன்னொரு மொட்டை விளிம்போடு அடுக்கிக்கொள்ளும்.

தறிநூல்:
மன்னிக்கவும். மக்னீசியம் 12.5 மில்லிமோலார், ஸ்டேப்பிள் பத்து மடங்கு. மிகுதியை நீக்கவில்லை, நீக்க வேண்டுமா? வெளி விளிம்புகளில் தனியாக எதுவும் செய்யவில்லை.

உப்புக்கணக்கு:
நீக்காததுதான் காரணம். மிதக்கும் ஒட்டுமுனை ஸ்டேப்பிள்கள் எதிர்த்துண்டின் முனைகளில் முந்திக்கொண்டு அமர்ந்துவிடும்.

மைக்காத்தகடு:
அப்படி அமர்ந்தால் இணைப்பு தடைபட்டுத் தனித்துண்டுகள் அல்லவா ஓட வேண்டும்? குழியில் தேங்குவதை அது விளக்கவில்லை. வெளி விளிம்பின் ஸ்டேப்பிள்களை விட்டுவிடுங்கள், அல்லது அவற்றின் முனைகளில் நான்கு தைமின் எழுத்துகளை நீட்டிவிடுங்கள். மிகுதி ஸ்டேப்பிள்களையும், சிறு இழைகளை மட்டும் வெளியேவிடும் 100 கிலோடால்டன் வடிகட்டியில் நீக்குங்கள். அது வேறு நோய், ஆனால் அதுவும் உங்களிடம் இருக்கிறது.

பழையமடிப்பு:
ஒட்டுமுனையே தேவையில்லை. விளிம்பை மேடுபள்ளமாக வெட்டி அமைத்தால் அடுக்கு ஈர்ப்பை மட்டுமே கொண்டு குறிப்பிட்ட துணையைத் தேர்ந்தெடுக்க வைக்கலாம் என்று 2011இலேயே காட்டியாயிற்று.

மைக்காத்தகடு:
மறுக்கவில்லை. ஆனால் 2017இல் 64 துண்டுகளை 8×8 பரப்பாகச் சேர்த்து மோனாலிசாவை வரைந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே குழாயில் கொட்டவில்லை. முதலில் நான்கு, பிறகு பதினாறு, பிறகு அறுபத்து நான்கு என்று படிப்படியாகச் சென்றதால், அதே சில விளிம்பு வரிசைகளையே ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் பயன்படுத்த முடிந்தது. ஒவ்வொரு இணைப்பும் 90 விழுக்காடு வெற்றி பெற்றாலும், அடுத்தடுத்த பத்து இணைப்புகள் தாண்டும்போது ஏறத்தாழ 35 விழுக்காடுதான் மிஞ்சும். ஆகவே சண்டை ஒட்டுமுனையா அடுக்கா என்பதில் இல்லை, பிழை எந்தக் கட்டத்தில் களையப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது.

பழையமடிப்பு:
துண்டே முறுக்கிக்கொண்டிருந்தால் எந்தக் கட்டத்தில் களைவீர்கள்? சுருளின் ஒரு சுற்றுக்கு 10.67 எழுத்திணை என்று வரைந்த செவ்வகம், இயல்பான 10.5ஐ நோக்கி இழுபட்டுத் திருகிக்கொள்ளும். நான்காவது துண்டு அதே தளத்தில் வந்து சதுரத்தை மூடாது. அடுத்த சதுரத்தைப் பிடித்துக்கொண்டு சங்கிலியாக நீளும். ஆங்காங்கே ஓர் எழுத்திணையை நீக்கித் திருக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

தறிநூல்:
வெளி விளிம்பு ஸ்டேப்பிள்களை விட்டுவிட்டு, வடிகட்டிய பிறகு கலந்தேன். குழி காலியாகிவிட்டது, தனித்துண்டுக்கு மேலே மங்கலாக ஒரு புதிய பட்டை தெரிகிறது. நன்றி.

மைக்காத்தகடு:
மகிழ்ச்சி. அந்தப் பட்டையில் இருப்பது நான்கு துண்டுகள் சேர்ந்ததா, மூன்றா? வெட்டியெடுத்து அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தீர்களா?