கேனன் 80டி, நிக்கான் டி7500: இரவுத் திருவிழாவில் எது கைக்கு இணங்கும்?

கேள்வி – சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டக் கோயிலின் தீமிதியையும் டேவானில் (பொது மண்டபத்தில்) நடக்கும் உறவினர் திருமணங்களையும் படமெடுப்பதற்காக, பயன்படுத்திய கேமரா ஒன்றை வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். ஈப்போவில் ஒரு கடையில் கேனன் 80டியும் நிக்கான் டி7500உம் ஏறத்தாழ ஒரே விலைக்கு இருக்கின்றன. முன்னது 2016இல் வந்தது, 24.2 மெகாபிக்சல், வினாடிக்கு 7 படங்கள். பின்னது 2017இல் வந்தது, 20.9 மெகாபிக்சல், வினாடிக்கு 8 படங்கள். என் வேலைக்கு இவை பெரிய வேறுபாடுகளாகத் தோன்றவில்லை. இருட்டில், கூட்டத்தின் நெரிசலில், பொத்தானைத் தேடாமல் இயக்குவதற்கு எது ஏற்றது என்பதே என் கேள்வி. நான் கண்ணாடி அணிபவன். கையில் லென்ஸ் எதுவும் இல்லை.

பதில் 1 – தைப்பிங்

தம்பி, பல ஆண்டுகளாகத் தோட்டக் கோயில்களில் படமெடுத்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். தீமிதியில் அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது ஐஎஸ்ஓ, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவுதான். கரகம் மின்விளக்கின் கீழிருந்து தீக்குழியை நோக்கி நகரும் சில அடிகளுக்குள் வெளிச்சம் முற்றிலும் மாறிவிடும். டி7500இல் ஐஎஸ்ஓ பொத்தான், படமெடுக்க அழுத்தும் ஷட்டர் பொத்தானுக்கு அருகிலேயே உள்ளது. அதை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் சுழற்ற வேண்டும். 80டியில் பொத்தானை ஒருமுறை அழுத்தி விட்டபின், அதே ஆள்காட்டி விரலால் மேற்சக்கரத்தைச் சுழற்றினால் போதும். எனக்கு டி7500இன் முறையே பிடிக்கும், ஏனெனில் விரலை எடுத்ததும் மாற்றம் நின்றுவிடுகிறது. நிக்கானின் ஆன், ஆஃப் விசையும் ஷட்டர் பொத்தானைச் சுற்றியே இருப்பதால் வலக்கை ஒன்றே போதும்; 80டியில் அது இடப்பக்கத்தில் இருக்கிறது.

முன்பு ஒரு திருவிழாவில், என் பழைய கேமராவில் பொத்தானைத் தேடி நான் கண்ணை எடுத்த நேரத்தில், குழந்தையைச் சுமந்து தீயில் இறங்கிய தந்தை மறுபக்கம் ஏறிவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு அவருடைய முதுகு தெரியும் படத்தைத்தான் கொடுக்க முடிந்தது. அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

பதில் 2 – கோல சிலாங்கூர்

ஐயா சொன்ன விரல் கணக்கை ஏற்கிறேன்; ஆனால் முடிவில் உடன்படவில்லை. தம்பி கண்ணாடி அணிபவர். 80டியின் வியூஃபைண்டரில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில், கண் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் படச்சட்டம் முழுவதும் தெரியும். டி7500இல் அந்த அளவு 18.5 மில்லிமீட்டர்தான். நானும் கண்ணாடி அணிபவள் என்பதால், இந்தச் சிறிய வேறுபாடு மூலைகளைப் பார்க்கத் தலையை அசைக்க வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கூட்டத்தில் கேமராவைத் தலைக்குமேல் தூக்கி எடுக்க வேண்டியும் வரும். அப்போது திரையைப் பார்த்தே ஃபோகஸ் செய்ய வேண்டும். அந்த முறையில் 80டி விரைவாகவும் தடுமாறாமலும் ஃபோகஸ் செய்யும், டி7500 முன்னும் பின்னும் தேடி நேரமெடுக்கும். 80டியின் திரை பக்கவாட்டிலும் திறப்பதால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் உதவும்.

பதில் 3 – கூலிம்

எடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பேட்டரியும் கார்டும் சேர்த்து 730 கிராமும் 720 கிராமும்தான். உறவிலோ நட்பிலோ யாரிடம் எந்த நிறுவனத்து லென்ஸ் இரவல் கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஐஎஸ்ஓவை மாற்றிப் பாருங்கள். 80டியில் ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் விசை பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. உங்கள் கட்டைவிரல் பிடியைத் தளர்த்தாமல் அதை எட்டுகிறதா என்றும் கவனியுங்கள்.

கேட்டவர் மீண்டும்

அண்ணன், அக்கா, அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை கடைக்குப் போய் இரண்டையும் அரைமணி நேரம் வைத்துப் பார்த்தேன். பிடி டி7500இல்தான் ஆழமாகவும் உறுதியாகவும் இருந்தது. ஐஎஸ்ஓ பொத்தானும் அதில் உடனே விரலுக்குக் கிடைத்தது. ஆனால் கண்ணாடியுடன் பார்த்தபோது அதன் வியூஃபைண்டரின் கீழ்வரியில் உள்ள எண்கள் எனக்கு முழுமையாகத் தெரியவில்லை, 80டியில் தெரிந்தன. 80டியையே வாங்கிவிட்டேன். திருவிழாவுக்கு முன், விளக்கை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓ பொத்தானை விரல் தானாகவே கண்டுகொள்ளும்வரை இரவுதோறும் பழகி வருகிறேன்.