ராஸ்பெரி பை 4: முதல் நாள் ஓடுகிறது, மறுநாள் "கெர்னல் பேனிக்". கோளாறு கார்டிலா, போர்டிலா?

கேள்வி (கடலூர் முதுநகர்)

வணக்கம். வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகள் தமிழ்99 தட்டச்சு பழகட்டும் என்று 2 ஜிபி ராஸ்பெரி பை 4 வாங்கினேன், உள்ளங்கை அளவு போர்டில் முழுக் கம்ப்யூட்டர். மானிட்டரும் கீபோர்டும் பழையவை. மெமரி கார்டு மட்டும் புதிது, 64 ஜிபி.

விண்டோஸ் லேப்டாப்பில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற நிரல் வழியாக 64 பிட் ஓஎஸ்ஸைக் கார்டில் எழுதினேன். சரிபார்ப்பும் முடிந்தது, ஒரு பிழையும் காட்டவில்லை. போர்டில் செருகியதும் திரை வந்தது. அன்று இரவே அப்டேட் கொடுத்து, தமிழ் எழுத்துரு, லிப்ரே ஆபிஸ், கணக்கு விளையாட்டுகள் எல்லாம் நிறுவினேன். நடுவில் இரண்டு முறை திரை மூலையில் மின்னல் குறி வந்து போனது. முறையாகத்தான் ஷட்டவுன் செய்தேன்.

மறுநாள் ஆன் செய்தால் வானவில் நிறச் சதுரம், அப்புறம் கறுப்புத் திரையில் எழுத்து ஓடி நின்றுவிடுகிறது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். "கெர்னல் பேனிக்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் "அன்னோன் பிளாக் (179,2)" என்று இருக்கிறது. கார்டில் மறுபடி எழுதினேன். ஒரு நாள் ஓடியது, மறுநாள் அதே கதி. கார்டை விண்டோஸில் செருகினால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. போர்டே போய்விட்டது என்றால் இன்னொன்று வாங்க இப்போது வசதி இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (செம்மண்டலம்)

மின்னல் குறி வந்தால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது வரும். பை 4-க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜர்தானே போட்டிருக்கிறீர்கள்? 18 வாட் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். பல சார்ஜர்கள் 9 வோல்ட்டில்தான் அந்த 18 வாட்டைத் தரும், 5 வோல்ட்டில் 2 ஆம்பியரோ 3 ஆம்பியரோ என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்ட் இறங்கினால் கோப்புகள் குலைந்துபோகும்.

கேட்டவர்

பார்த்தேன் சார், 5 வோல்ட்டுக்கு நேரே 2 ஆம்பியர்தான் போட்டிருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் 3 ஆம்பியர் அடாப்டர் இரவல் வாங்கி, கார்டில் மூன்றாவது தடவை எழுதினேன். மின்னல் குறி இப்போது வரவில்லை. ஆனால் எல்லாவற்றையும் நிறுவி முடித்த மறுநாள் அதே 179,2.

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

அக்கா, போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். வானவில் சதுரம் வந்து கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, ஓடத் தொடங்குகிறது, அதனால் கார்டின் முதல் பகுதியை போர்டு படித்துவிட்டது. பையின் ஓஎஸ் லினக்ஸ் வகை. 179 என்பது மெமரி கார்டு வகைக்கு லினக்ஸ் வைத்திருக்கும் எண், 2 என்பது அதன் இரண்டாம் பகுதி. ஓஎஸ் முழுக்க அங்கேதான் இருக்கிறது, அதைத்தான் திறக்க முடியவில்லை.

எனக்குச் சந்தேகம் கார்டின் கொள்ளளவு மேல்தான். எழுதிய அன்று நன்றாக ஓடி, நிறைய நிறுவிய பிறகு மூன்று தடவையும் கெட்டிருக்கிறது. போலிக் கார்டு இப்படித்தான் செய்யும். எட்டுப் பக்க நோட்டின் அட்டையில் 64 பக்கம் என்று எழுதி விற்பது மாதிரி. ஒன்பதாம் பக்கத்தில் எழுதச் சொன்னாலும் சரி என்று தலையாட்டும், ஆனால் எழுதியது பழைய பக்கத்தின் மேலே விழும், அல்லது எங்கேயும் விழாது. இமேஜர் தான் எழுதிய சில ஜிபியை மட்டுமே திரும்பப் படித்துப் பார்க்கிறது, அவ்வளவுக்கு இந்தக் கார்டில் இடம் இருந்திருக்கும். அப்புறம் முதல் தடவை ஆன் செய்யும்போதே ஓஎஸ் தன் இரண்டாம் பகுதியை 64 ஜிபிக்கும் நீட்டிக்கொள்ளும். இல்லாத இடத்தில் கணக்கு எழுதத் தொடங்குவது அங்கேதான்.

இமேஜரில் "எரேஸ்" என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து கார்டை முழுசாகத் துடையுங்கள். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை இறக்கி, கார்டு முழுவதையும் சோதிக்கச் சொல்லுங்கள். லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தால் அதே வேலைக்கு எஃப்3 என்ற நிரல் போதும். சில மணி நேரம் ஆகும், விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் ஃபார்மட் கேட்பது கோளாறு இல்லை. இரண்டாம் பகுதி லினக்ஸ் வகை, விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. எப்போதும் கேன்சல்தான் கொடுக்க வேண்டும்.

கேட்டவர்

தம்பி, நீங்கள் சொன்னதேதான். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் சிவப்பு எழுத்தில் இருந்தது: 7.2 ஜிபி நல்லது, 52 ஜிபிக்கு மேல் "டேட்டா லாஸ்ட்". மூன்று தடவை உட்கார்ந்து நிறுவியதை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்தத் திரையைப் படம் எடுத்துக் கடையில் காட்டினேன், பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இனி எந்தக் கார்டு வாங்குவது?

பதில் (நெல்லிக்குப்பம்)

அம்மா, உங்கள் வேலைக்கு 32 ஜிபி தாராளம். மேலே ஏ1 என்று குறி போட்டதாகப் பாருங்கள், சின்னச் சின்னக் கோப்புகளை விரைவாகப் படித்து எழுதும். பில்லோடு வாங்கி, ஓஎஸ் எழுதுவதற்கு முன்பே அந்தச் சோதனையை ஓட்டிவிடுங்கள். பின்னால் செய்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

இன்னொன்று. நம் பக்கம் கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? எழுதும் நேரத்தில் போனால் நல்ல கார்டும் குலையும். எல்லாம் நிறுவி முடித்ததும் ராஸ்பி-கான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் நிரலைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ் உள்ளே ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள். அதன் பிறகு எழுதுவதெல்லாம் ரேமுக்குப் போகும், கார்டில் கை வைக்காது. திடீரென்று அணைந்தாலும் ஓஎஸ்ஸுக்குச் சேதம் இல்லை.

கேட்டவர்

புதிய 32 ஜிபி கார்டு, சோதனையில் முழுசும் தேறியது. 3 ஆம்பியர் அடாப்டரும் சொந்தமாக வாங்கிவிட்டேன். இன்றோடு ஐந்து நாள், நிற்காமல் ஓடுகிறது. நேற்று ஒரு பெண் "கப்பல்" என்று தட்டினாள். 'ப'வை இரண்டாம் முறை தொட்டதும் முதல் 'ப' மேலே தானாகப் புள்ளி விழுந்தது. அதைப் பார்க்க மற்ற மூன்று பேரும் திரை முன்னால் குவிந்துவிட்டார்கள்.

ஐயா, ஓவர்லே போட்டால் பிள்ளைகள் தட்டியது அணைத்ததும் போய்விடுமா?

பதில் (நெல்லிக்குப்பம்)

ஆமாம்மா, போய்விடும். ஒரு பென்டிரைவைச் செருகியே வைத்து, பிள்ளைகளை அதில் சேமிக்கச் சொல்லுங்கள், ஓவர்லே அதைத் தொடாது. புதிதாக எதையாவது நிறுவ வேண்டிய அன்றைக்கு ஓவர்லேயை நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, வேலை முடிந்ததும் மறுபடி இயக்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

சரி ஐயா, பென்டிரைவ் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வருவதற்குள் செய்துவிடுகிறேன்.